செத்த பீஸ் மேல் சுற்றிய கம்பி

பாய்,

அன்றைக்கு உங்கள் கார் வயரிங் கடை வாசலில் நின்றவர்களை வரிசையாகச் சொல்கிறேன். எரிந்த காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்த என் மருமகன் முருகன். அவன் பக்கத்தில் என் மகள் ஜெயந்தி. உங்களுக்குக் கடை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர். டீ கிளாசோடு வேடிக்கை பார்த்த டிரெய்லர் டிரைவர்கள் இரண்டு பேர். பக்கத்து டீக்கடைக்காரி நான். நடுவில் நீங்கள். பதினாறு வருஷம் ஆகிறது, ஒரு முகம்கூட அழியவில்லை.

இன்று காலை, ஜெயந்தியின் பையன் வாங்கிய காருக்குப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் மாட்ட வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். பானெட்டைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி ஒதுக்கினார். பிறகு விரல் தடிமன் சிவப்பு வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே, கரண்டு மிஞ்சினால் தான் உருகி வயரைக் காக்கிற பீஸை வைத்தார். நீங்களே குனிந்து வேலை செய்வது போல இருந்தது. காபி கொண்டுவந்த ஜெயந்தி அவரிடம் சொல்கிறாள்: "பாத்து போடுப்பா. எங்க பழைய வண்டிக்கு ஒரு பாய் வயர் போட்டு, வண்டியே எரிஞ்சு போச்சு."

என் காதால் கேட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இன்று பேனாவைப் பிடித்திருப்பது அதனால்தான்.

முருகனின் அந்தப் பழைய காருக்கு நீங்கள் ஆம்ப் வயர் போட்ட இரண்டு நாளும் என் கண் முன்னால்தானே. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் துளை போட்டு, அதன் விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம் செருகினீர்கள். டிக்கியில் எர்த்து கொடுக்கிற இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள், தகடு பளபளக்கும்வரை. பாட்டு கேட்கத்தானே பாய், ராக்கெட்டா விடப்போகிறோம் என்று முருகன் சிரித்தான். நீங்கள் இன்னோர் உப்புத்தாளை எடுத்தீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு நாள், வீட்டில் கரண்டு போய்விட்டது, பீஸ் கட்டையில் நாலு கம்பியைச் சேர்த்து முறுக்கிக் கட்டிவிட்டேன் என்று உங்களிடம் பெருமையடித்தேன். நம் பக்கம் யார்தான் அப்படிக் கட்டவில்லை? ஒற்றைக் கம்பி நிற்காவிட்டால் இரட்டை, இரட்டை நிற்காவிட்டால் நாலு. நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "யக்கா, பீஸு சாவுறது அதோட வேல. அத இன்னா கொன்னுச்சுனு தேடு. பொணத்துக்கு கம்பி சுத்தாத."

எப்படித் தேடுவது என்றும் காட்டினீர்கள். வேறொரு வண்டியில் பீஸ் நிற்கவே மாட்டேன் என்றது. ஆம்புக்குப் போகும் முனையைக் கழற்றித் தனியாக டேப் சுற்றினீர்கள். பீஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினீர்கள். பல்பு பளீரென்று எரிந்தது. எரியக்கூடாது, வயர் எங்கேயோ பாடியைத் தொடுகிறது என்றீர்கள். பல்பைப் பார்க்க என்னை நிறுத்திவிட்டு, உள்ளே வயரை இஞ்ச் இஞ்சாகத் தூக்கிக்கொண்டே போனீர்கள். பின் சீட்டுக்கு அடியில் கை போனதும் பல்பு அணைந்தது. அணைந்துவிட்டது என்று கத்தினேன். "திருடன் மாட்டிகினான்கா" என்று உள்ளேயிருந்து நீங்கள் சிரித்தது இன்னும் கேட்கிறது.

நீங்கள் வயர் போட்ட கொஞ்ச நாளில், முருகன் தன் காருக்குப் புது சீட் கவர் போட சீட்டைக் கழற்றினான். தானே திருப்பி மாட்டினான். அதற்குப் பிறகுதான் பீஸ் போக ஆரம்பித்தது. கொண்டுவா, பல்பு போட்டுப் பார்க்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினீர்கள். பீஸ் மறுபடி போன அன்று அவனுக்கு எண்ணூரில் கல்யாண சவாரி, நேரமில்லையாம். எங்கள் வீட்டு வாசலில், செத்த கண்ணாடி பீஸின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றி உள்ளே செருகினான். பழைய இஸ்திரிப் பெட்டி வயரைப் பல்லால் கடித்துக் கம்பி உரித்துக் கொடுத்தவள் ஜெயந்தி. பாயிடம் போய்விட்டுப் போடா என்றேன். "வூட்ல கட்டுறதுதான அத்த" என்றான்.

வழியில் சீட்டுக்கு அடியிலிருந்து புகை. கல்யாணப் பெண்ணின் சித்திகளும் குழந்தைகளும் குதித்து இறங்கினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கல்யாண வீட்டார் முருகனை அடிக்கத் தேடினார்கள். பழியைப் போட அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் உங்கள் கடை வாசலில் நீங்கள் கத்தவில்லை. சீட்டின் கால் வயர்மேல் ஏறி நசுக்கியிருந்ததைக் காட்டினீர்கள். பீஸ் மாட்டும் குழாயைப் பிளந்து, உருகி ஒட்டியிருந்த செம்பைக் காட்டினீர்கள். அதுவும் நீ வைத்ததுதான், நாங்கள் பானெட்டையே தொடவில்லை என்றான் முருகன். நான் பார்த்தேன், இவன்தான் சுற்றினான் என்றேன். தினம் உன் கடையில் டீ குடிக்கிற ஆளுக்காக நீ பேசத்தானே செய்வாய் என்றார் கட்டடக்காரர்.

அப்போது நீங்கள் ஜெயந்தியைப் பார்த்தீர்கள். "பாப்பா, நீ சொல்லு. நீ சொன்னா போதும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. பாய்தான் எல்லாம் பண்ணாரு."

ஒரு வாரத்தில் கடையைக் காலி செய்யச் சொன்னார் கட்டடக்காரர். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். நீங்களோ ஸ்பானர்களைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டே, "வுடுக்கா, பொண்ணு அவனோட வாழணும்" என்றீர்கள். அதற்காக உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு பாய், மறைக்க மாட்டேன். புழலில் உங்கள் மகள் வீட்டோரம் கடை போட்டீர்கள். ஒரு காரும் வரவில்லை. வண்டியை எரித்தவர் என்ற பேச்சு உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சாகும்வரை மிக்சியும் ஃபேனும்தான் பார்த்தீர்கள்.

இன்று காலை அந்த வண்ணாரப்பேட்டை ஆளிடமும் பேரனிடமும் நடந்ததை முழுசாகச் சொன்னேன். யார் சுற்றினது, யார் உரித்துக் கொடுத்தது, எல்லாம். முருகன் அங்கேதான் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான்" என்றான். ஜெயந்தி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "செத்தவருக்கு இனிமே இன்னாம்மா ஆவணும்?" என்றாள்.

கெட்ட பெயர் நல்ல பெயர் ஆக வேண்டும். பேட்டரிக்கு ஒரு சாணில் பீஸ் வைத்த மனுஷனின் பெயர். என் மூச்சு இருக்கும்வரை அதை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

முருகன் பயந்தவன், இன்று ஒத்துக்கொண்டான், அவனை விட்டுவிட்டேன். கட்டடக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரையும் விட்டேன். நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். என் வயிற்றில் பிறந்த ஜெயந்தி.