அரை நூல் கோணல்

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கடை ஷட்டரை இழுத்தால் ஊளையிடுகிறது. எண்ணெய் விட வேண்டும் என்று எழுதுவது இது நாலாவது தடவை.

இந்த நோட்டு விஜியின் உத்தரவு. சாப்பிடும்போது ஊர்க்கதை பேசக் கூடாதாம். "எழுதி வெச்சுக்கோங்க, எனக்கு சோறு இறங்கட்டும்" என்றாள். சரி, தாலி கட்டிக்கொண்டவளுக்கே காது வலிக்கிறது என்றால் நோட்டுக்குக் காது இல்லை.

இன்றைய வேலை:
– கர்னல் (ரிடையர்டு): கோல்ஃப் இரும்பு மட்டை ஏழுக்கும் புது கிரிப் (கைப்பிடி ரப்பர்). பந்து தூரம் போகவில்லை என்கிறார். எழுபத்தாறு வயசில் பந்து கிளம்புவதே பெரிசு.
– இந்திராநகர் பில்டர்: புது டிரைவர் (முதல் அடிக்கான பெரிய மட்டை) வாங்கியிருக்கிறார். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியக் கூடாது. அதனால் தேய்ந்த பழைய கிரிப்பைப் போட்டு வயசாக்கித் தர வேண்டும். இந்த வருஷத்தில் இவர் மூன்றாவது கணவர்.
– தீபா: பட்டருக்குக் கிரிப்.

பட்டர் என்றால் வெண்ணெய் இல்லை என்று விஜிக்குப் பல தடவை சொல்லியாயிற்று. பந்தைக் கடைசியாகக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டை. மற்ற பதின்மூன்றும் படம் காட்ட, சோறு போடுவது இது ஒன்றுதான்.

தீபா நம்ம தொம்மலூர்ப் பெண். ஒன்பது வருஷமாக புரொஃபஷனல். இரண்டாவதாக வந்திருக்கிறாள், மூன்றாவதாக வந்திருக்கிறாள், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. புதன் முதல் வெள்ளி வரை இங்கேயே டோர்னமென்ட். ஜெயிக்கிறவருக்கு அடுத்த வருஷம் வெளிநாட்டில் ஆட இடம் உண்டு. இல்லையென்றால் வரும் திங்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்கிறாள். காலை ஆறரைக்கு கேப் வருமாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

பழைய கிரிப் வழுவழு என்று தேய்ந்து கீழே கிழிந்திருந்தது. இந்த ஈரத்தில் வழுக்குகிறதாம். "பழசு மாதிரியே போட்டுக் கொடுங்க அண்ணா, வேற எதுவும் வேணாம்" என்றாள். கொக்கிக் கத்தியால் கிழித்து எடுக்கும்போது பார்த்தேன்: எந்த மடையன் போட்டானோ, கிரிப்பின் தட்டைப் பக்கம் மட்டையின் முகத்துக்கு நேராக இல்லை. அரை நூல் திரும்பி இருந்தது, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. நம் கையில் வந்த பிறகு அப்படியே விடலாமா. இரண்டு தடவை அளந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போட்டுக் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. தானாகத் தெரிந்து, வந்து பாராட்டட்டும் என்று.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில், பிறகு தூறல், பிறகு இரண்டும்.

பில்டர் வந்து டிரைவரை வாங்கிப் போனார். போதுமான அளவு கிழடாக இல்லையாம். நடைபாதையில் இரண்டு தேய்ப்பு தேய்த்துக் கொடுத்தேன்.

தீபாவுக்கு கேடி நம்ம ஃப்ரான்சிஸ்தான். முப்பது வருஷமாகப் பை தூக்குகிறவன், என் கடை பெஞ்சில் டீ குடிக்கவே பிறந்தவன். பிராக்டிஸ் எப்படி என்று கேட்டேன். டிரைவர் கல்லு மாதிரி நிற்கிறதாம், இரும்பெல்லாம் சுத்தமாம். பட்டர்? "புது கிரிப்தானே குரு, பழகணும்" என்றான்.

பழகட்டும்.

நவம்பர் 12, புதன். முதல் ரவுண்டு

குளிர். பெஞ்சில் ஈரம் காயவே இல்லை.

நாலு மணிக்கு ஃப்ரான்சிஸ் வந்தான். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இரண்டு ஓவர், கணக்குக்கு மேல் இரண்டு தடவை கூடுதலாக அடித்திருக்கிறாள். பதினேழாவது இடம். பச்சைக்கு, அதாவது குழி வெட்டின புல்தரைக்கு, வருகிற வரை இந்தியாவிலேயே அவள் மாதிரி ஆள் இல்லையாம், பச்சையில் ஏறியதும் போச்சாம்.

எப்படிப் போச்சு என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"எல்லாம் லெஃப்ட் குரு. ஏழு பட் மிஸ் ஆச்சு. குழி விளிம்பை நக்கிட்டு எல்லாமே லெஃப்ட்ல போகுது. கை நடுங்குதுங்குது பொண்ணு."

என் டீயைப் பெஞ்சில் வைத்தேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் இலவசமாக அவிழ்த்துவிடுகிற பிரசங்கம் ஒன்று உண்டு: பயந்த கை இரண்டு பக்கமும் தவறும், ஒரே பக்கமாகத் தவறினால் குற்றம் மட்டையில். இன்றைக்கு ஃப்ரான்சிஸிடம் மட்டும் சொல்லவில்லை.

அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யோசித்தேன். அவள் கட்டை விரல் இரண்டையும் அந்தத் தட்டையில் வைத்துப் பிடிக்கிறவள். தட்டை அரை நூல் திரும்பியிருந்தால் மட்டையின் முகம் வலப்பக்கம் பார்க்கும். அடிக்கும்போது அவள் மணிக்கட்டு இடப்பக்கம் மூடும். இந்தக் கோணலை அந்தக் கோணல் தின்று, பந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் ஒன்றை மட்டும் நிமிர்த்திவிட்டேன். மிச்சமிருக்கிற கோணல் அவள் கையில்.

ரவுண்டு நடக்கும்போது மட்டையில் கை வைக்கக் கூடாது. ஒரு ரவுண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மாற்றலாம். அதாவது இப்போது. இன்று சாயங்காலம். போன் பக்கத்திலேயே இருந்தது. எடுத்தேன், வைத்தேன். பக்கத்துக் கடைக்காரருக்கு வந்திருக்கும் கிட்னிக் கல் எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை எனக்குத் தெரியும், ஊருக்கும் என்னால் தெரியும். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

விஜி கேட்டாள், இன்னிக்கு என்ன வாய்க்குப் பூட்டு? அசிடிட்டி என்றேன்.

நவம்பர் 13, வியாழன். இரண்டாவது ரவுண்டு

காலை ஆறே முக்காலுக்கே கோர்ஸில் இருந்தேன். சொல்லிவிடுவது என்று குளித்துவிட்டு வேறு போயிருந்தேன். தீபா பச்சையில் தனியாக உருட்டிக்கொண்டிருந்தாள். லெஃப்ட். லெஃப்ட். லெஃப்ட். என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நானும் அசைத்தேன். அவ்வளவுதான் தைரியம்.

சொல்லாததற்கு என்னிடம் இருந்த காரணங்கள்:
1. இன்னும் இருபது நிமிஷத்தில் ஆட்டம். இப்போது சொன்னால் மனசு கலையும்.
2. கிரிப்தான் என்று எப்படி நிச்சயம்?
3. கோரமங்களாவில் லேசர் மிஷின் வைத்து இதே வேலை செய்கிறவன் காதுக்குப் போனால், இனி ஊரில் ஒருவரும் எனக்கு ஒரு குடைக் கைப்பிடிகூடத் தர மாட்டார்கள்.
4. ஒருவேளை இன்றைக்கு அவளே சரிபண்ணிக்கொள்வாள்.

நேர்மையாக எழுதினால் 3 மட்டும்தான். மற்றவை துணைக்கு வந்தவை.

அவள் சரிபண்ணிக்கொள்ளவில்லை. ஒரு ஓவர். இரண்டு நாளும் சேர்த்து மூன்று ஓவர். முன்னால் நிற்கிற டெல்லிப் பெண் மூன்று அண்டர், கணக்குக்குக் கீழே. நடுவே ஆறு. பதினெட்டாவது பச்சையில் மூன்றடி தூரத்துப் பந்தைத் தவறவிட்டாள். மூன்றடி, என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பந்து லெஃப்டில் போனதும் அவள் மட்டையைப் பார்க்கவே இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஐந்து மணிக்குக் கடைக்கே வந்தாள். தோளில் மொத்தப் பை. பின்னால் ஃப்ரான்சிஸ், முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் இந்த செட்டு உங்ககிட்ட வரும் அண்ணா. யாராவது நல்லவங்களாப் பாத்து வித்துக் கொடுங்க. பட்டர் மட்டும் வேணாம். அதை யாருக்கும் தர மாட்டேன், பாவம், அதும்மேல தப்பில்ல. என் கைதான் போயிடுச்சு."

இதற்கு மேல் எந்தக் காரணமும் துணைக்கு வரவில்லை. அளந்தது, நிமிர்த்தியது, சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரான்சிஸ் எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டான். அவனுக்கு அடிக்கத் தோன்றியிருக்கும்.

தீபா கத்துவாள் என்று நினைத்தேன். கேட்டது ஒன்றுதான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நேத்து சாயங்காலம்."

"காலையில கை ஆட்டினீங்களே."

ஆமாம் என்றேன். அவள் பட்டரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு, பழைய கிரிப்பைப் போட்டதும் நீங்கதான் என்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆயுதபூஜை அன்றைக்கு, கடை நிறையப் பொரியும் கூட்டமுமாக இருந்தபோது, பேசிக்கொண்டே போட்டுக் கொடுத்தேனாம். எனக்கு நினைவே இல்லை. திங்கள் பக்கத்தில் மடையன் என்று திட்டிய ஆளின் முகவரி கிடைத்துவிட்டது.

பழைய கோணம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அரை நூல் என்பது என் கண் மதிப்பு. கால் நூல் பிசகினாலும் வேலைக்கு ஆகாது. அவள் கைக்கு மட்டும்தான் தெரியும்.

மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஊசி வாங்கி வந்தேன் (கடைக்காரர் என் முழங்கையைப் பார்த்தார்). தின்னரை ஏற்றி கிரிப்புக்கு அடியில் செலுத்தினேன். உள்ளே டேப் இளகினால் கிரிப்பைத் திருப்பலாம். இரண்டு மூன்று நிமிஷம்தான், அப்புறம் பிடித்துக்கொள்ளும். கடை நீளத்துக்குக் கார்ப்பெட் துண்டு, கடைசியில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். நான் மண்டியிட்டு மட்டைத் தலையை ஒரு கையிலும் கிரிப்பின் அடியை மறு கையிலும் பிடித்து முடியளவு முடியளவாகத் திருப்பினேன். வெளியே தண்ணீர் லாரி ஒன்று ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தது.

"இன்னும்."

திருப்பினேன்.

"இன்னும். ஸாக்கு, ஸாக்கு, போதும். கொஞ்சம் பின்னாடி."

என் விரலில் டேப் இறுகுவது தெரிந்தது. இன்னும் அரை நிமிஷம் இருக்குமோ இருக்காதோ. விரல்களைப் பிரித்து மறுபடி வைத்தாள். பிரித்தாள், வைத்தாள்.

"இங்க."

கையை எடுத்தேன். டம்ளரில் உருட்டிப் பார்க்க முடியாது, காய்கிற வரை அடிக்கக் கூடாது. சரியா தப்பா என்பது இனி நாளைக்கு முதல் பச்சையில்தான். டம்ளரை வீணாகக் கொண்டுவந்தோம்.

பட்டரை ஒரு துணியில் குழந்தையைப் போலப் படுக்க வைத்து எடுத்துக்கொண்டாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. செட்டை விற்பது பற்றியும் பேசவில்லை. ஃப்ரான்சிஸ் மட்டும் திரும்பிப் பார்த்து, "முப்பது வருஷமா உன் டீ குடிக்கிறேன் குரு" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

விஜியிடம் எல்லாம் சொன்னேன். சாப்பாட்டு நேரம் என்று பார்க்காமல் முழுக்கக் கேட்டாள். "புதன்கிழமையே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். எழுந்து தட்டைக் கழுவினேன்.

நவம்பர் 14, வெள்ளி. கடைசி ரவுண்டு

கடை திறக்கவில்லை. வானம் வெளுப்பு, மழை இல்லை. பி.பி. மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை, மறுபடி போடவில்லை.

முதல் பச்சை. எட்டடி. ரைட்டில் போனது.

லெஃப்ட் இல்லை, ரைட். ஃப்ரான்சிஸ் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தான். அதிகமாகத் திருப்பிவிட்டேனா? இல்லை, இரண்டு நாளாக லெஃப்டைச் சமாளிக்கப் பார்த்து அவள் கை ரைட்டுக்குத் தள்ளப் பழகிவிட்டதா? இரண்டாவது பச்சையிலும் ரைட், ஆனால் விளிம்பில். மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு பெரியவர், நீங்க அந்தப் பெண்ணோட அப்பாவா என்று கேட்டார். கிரிப் போட்டவன் என்றேன். ஓகோ என்று நகர்ந்துபோனார்.

மூன்றாவது, நேர். விழுந்தது. நாலாவது, பன்னிரண்டு அடி, குழியின் நடு வழியாக. ஆறாவது. ஏழாவது. அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவள் நடையே வேறு மாதிரி ஆகிவிட்டது. பந்து விழுந்ததும் கையைப் பார்க்கவில்லை, அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

ஆறு அண்டர் போட்டு முடித்துவிட்டாள். மொத்தம் மூன்று அண்டர். டெல்லிப் பெண் பின்னால் வருகிறாள். வழியில் ஒன்றை விட்டு இரண்டு அண்டரில் இருந்தாள். கடைசிக் குழியில் ஐந்தடிப் பந்தைப் போட்டால் அவளும் மூன்று அண்டர், சமம், மறுபடி ஆட வேண்டும். தீபா ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஒருவர் தவறவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வது பாவம். வேண்டிக்கொண்டேன்.

தவறியது.

ஃப்ரான்சிஸ் பையைக் கீழே போட்டுவிட்டு அழுதான். நான் தூரத்திலேயே நின்றேன். கிட்டே போக எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை.

கோப்பை கொடுத்த பிறகு, கோல்ஃப் வெப்சைட் ஒன்றிலிருந்து ஒரு ஆள் மைக்கும் நோட்டுமாக வந்தார். ஜெயித்தவர் பையில் என்னென்ன மட்டை, எந்த கம்பெனி, எந்த ஷாஃப்ட், எந்த கிரிப் என்று போடுவார்களாம். தீபா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து என்னைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அந்த அண்ணாவைக் கேளுங்க. எல்லாம் தெரியும் அவருக்கு. ஒரு நாள் லேட்டாச் சொல்வார்."

அந்த ஆள் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றாள், போகவில்லை.

டிரைவரிலிருந்து வெட்ஜ் வரை வரிசையாகச் சொன்னேன். பட்டருக்கு வந்தேன். கிரிப் அரை நூல் திருப்பிப் போட்டது என்றேன். வேணும்னே அப்படிப் போட்டதா சார் என்று ஆர்வமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் மேதை. முதல் தடவை கவனமில்லாமல் போட்டது, திங்கட்கிழமை கேட்காமல் நிமிர்த்தியது, புதன்கிழமை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது, மூன்றும் நான்தான் என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதையும் போடலாமா என்று தீபாவைப் பார்த்தார்.

அவள் இன்னும் கையிலேயே இருந்த வாழைப்பழத்தை ஒரு கடி கடித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.