சுவருக்கு அப்பாலிருந்து ஒரு கேள்வி

என் தங்கைக்கு மகளாக வந்து சேர்ந்த உர்சூலாவுக்கு, உன் மாமன் மெல்சோர் எழுதச் சொல்லும் கடிதம். இடுப்பெலும்பு கூடி வருகிறதா? பனியில் வழுக்கி விழுகிற வயதா உனக்கு? கைத்தடி இல்லாமல் வாசல் தாண்டாதே.

நான் சொல்லச் சொல்ல மருந்தகத்து நொயெமி ஸ்பானிஷில் எழுதுகிறாள். மாதக் கடைசியில் மருந்து எடுக்க நகரத்துக்குப் போகும்போது இதைப் படம் பிடித்து உன் கைபேசிக்கு அனுப்புவாள். இங்கே மழை விடவில்லை. ஆறு பள்ளிக்கூடப் படி வரை ஏறி இறங்கிவிட்டது. மரவள்ளி பாதி அழுகல்.

உன் அம்மா ருபெர்த்தா படுத்துவிட்டாள். முதல் மழை வாரத்தில் துறையில் விழுந்தாள். தூக்கி வந்து கிடத்தியபோது வலப்பக்கம் அசையவில்லை. ஸ்பானிஷும் போய்விட்டது. மிச்சம் நம் பேச்சு மட்டும். அது தெரிந்தவர்கள் அவள், நான், நீ. தண்ணீர் கேட்கிறாள், புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறாள் என்று நான் வெளியே இருந்து கேட்டு நொயெமியிடம் சொல்கிறேன். அதுவரை நடக்கிறது. பதில் சொல்ல வேண்டிய பேச்சுக்குத்தான் வழியில்லை.

நீ அறியாததல்ல. அண்ணன் தங்கைக்கு நம் வழக்கம் விதித்தபடி, அவள் பெரியவளான நாளிலிருந்து அவள் முகத்துக்கு நேரே நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவளும் பேசியதில்லை. அவள் மகள்தான் நடுவில் இருந்து கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். அந்தப் பெண் தட்டம்மையில் போன பிறகு நான்கு வருஷம் அண்ணனும் தங்கையும் ஊமைகளாக இருந்தோம். அப்புறம் நீ நோட்டுப் புத்தகத்தோடு வந்தாய். மீன் பெயர் கேட்க வந்தவளை அவள் மகளாக்கிக்கொண்டது பாசத்தில் மட்டும் என்றா நினைத்தாய்? எங்களுக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. "இவ வாயில இருக்கறது பல்லா, கூழாங்கல்லா?" என்று முதல் வருஷம் அவள் உன்னைக் கேலி செய்தாள். ஆனாலும் முப்பத்தொரு கோடை அந்த வாசற்படியில் நீதான் உட்கார்ந்தாய். உள்ளே அவள், வெளியே மூங்கில் சுவரில் சாய்ந்து நான்.

நொயெமிக்கு இது விளங்கவில்லை. "உங்க வீட்டுலருந்து நாப்பது அடி தூரம் தாத்தா. நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க. இப்ப உங்களத் தடுக்க யாரு இருக்கா?" என்கிறாள். உண்மைதான், தடுக்கக்கூடியவர்கள் எல்லாரும் மண்ணுக்குள். ஒரு நாள் போனேன். வாசலில் என் நிழல் விழுந்ததுமே ருபெர்த்தா அசைகிற ஒரு கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சாகக் கிடக்கிறவளைக் கூசவைக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

பிறகு நம் பேச்சுக்கு நீ எழுதிய அகராதியை எடுத்து வந்தாள் நொயெமி. எல்லாச் சொல்லும் அதில் இருக்கிறதாமே. தூக்கிப் பார்த்தேன், நல்ல கெளுத்தி ஒன்றின் கனம். அதிலிருந்து நாலு சொல் வாசித்துக் காட்டினாள். "கிளியப் புடிச்சிட்டு வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு ருபெர்த்தா திரும்பிப் படுத்தாள்.

அடுத்து, பள்ளிக்கூடத்தில் நீ விட்டுப்போன, குரல் பிடிக்கிற பெட்டி. அதில் உங்கள் இருவர் குரலும் இருக்கிறதே, ஆறுதலாக இருக்கும் என்று நொயெமி அதைப் போட்டாள். நானும் சரி என்றேன். உன் குரலைக் கேட்டதும் ருபெர்த்தா நீயே வந்துவிட்டதாக நினைத்து, "வந்துட்டியாடி" என்றாள். பெட்டி, இந்த மீனுக்கு என்ன பெயர் என்று கேட்டது. அவள் மீனை விட்டாள். ஐம்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"உன் மாமன்கிட்டக் கேளு. அந்த வெள்ளத்துல எம் புள்ள கை தானா நழுவுச்சா, அவரு விட்டாரா?"

இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றாய் நீ, பெட்டிக்குள் இருந்து. எப்போதும் நீ சொல்வதுதான். இன்னொரு தடவை சொன்னாள். கொஞ்சம் மெதுவாக என்றாய். ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொன்னாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கிழவி பேசுகிறாளே என்று நொயெமிக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து விடிந்ததும் ருபெர்த்தா, மாமன் என்ன சொன்னார் என்று வெறும் வாசற்படியைப் பார்த்துக் கேட்கிறாள்.

உனக்கு இந்தக் கதை தெரியாது. ஓடம் கவிழ்ந்தது. ஒரு கையில் என் மகன் அன்செல்மோ, இன்னொரு கையில் அவள் மகன். அன்செல்மோவோடு கரையேறினேன். கை நழுவிவிட்டது என்று அவள் மகளிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. அன்றைக்கும் அவள் வீட்டிலிருந்து வழக்கம்போல எனக்குப் பங்கு மீன் வந்தது. அன்செல்மோ இப்போது நகரத்தில் மோட்டார் டாக்சி ஓட்டுகிறான், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன்னை வரச் சொல்லவில்லை. நம் பேச்சில் பேசி நொயெமியின் கைபேசிக்கு அனுப்பு, போதும். எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே. முதலில் அம்மா என்று கூப்பிடு. வலி எப்படி என்று விசாரி. பிறகு, மாமன் சொல்லி அனுப்பினார் என்று சொல். நழுவவில்லை என்று சொல்.

நொயெமி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்றேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் படகு இல்லை. நேற்றிலிருந்து வாழைக்காய்க் கஞ்சி அவளுக்கு இறங்கவில்லை. தாங்குவாளா என்று கேட்டால் நொயெமி மருந்து டப்பாக்களை அடுக்குகிறாள்.

அவள் என்ன பதில் சொன்னாலும் என் காதில் விழும். ஆனால் உன் வாய் வழியாக வரும்வரை அது எனக்குச் சொன்னதாகாது. நொயெமி அதைக் கைபேசியில் பிடித்து உனக்கு அனுப்புவாள். திட்டாக இருந்தால் ஒரு சொல்லும் குறைக்காமல் எனக்குச் சொல்லி அனுப்பு.

உன் எலும்பு கூடட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும். தாமதமாகிவிட்டது என்று நினைத்து அனுப்பாமல் இருந்துவிடாதே, மருமகளே. படுக்கை காலியாக இருந்தாலும் நொயெமி அந்த வீட்டில் உன் குரலைப் போடுவாள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

உன் மாமன் மெல்சோர்
(கட்டைவிரல் ரேகை)