ஆமைப் பாறையில் பதினோரு கலயங்கள்

மே 12, 2024, ஞாயிறு

காலையில் இரண்டு படகு, இருபத்து மூன்று டூரிஸ்டுகள். பங்கோர் தீவில் கடல் இன்று பால் அதிகமான தேத்தண்ணி மாதிரி கலங்கல். "மீனே காணோம், ஏமாத்துறீங்களா?" என்று ஒரு அம்மா. தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. நீச்சல் மாஸ்க்கின் கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னேன். அருவருப்பாம். அப்போ மங்கலாத்தான் தெரியும்.

கடலடி வழிகாட்டி ஆவதற்கான டைவ்மாஸ்டர் சான்றிதழுக்கு இன்னும் ஒரே தேர்வு. சனிக்கிழமை ஆமைப் பாறையில் கடலடிச் சுத்தம். எட்டு டூரிஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி, குப்பையோடு ஏறணும். பயிற்சி கொடுத்த லியோனார்ட் அண்ணன்தான் மார்க் போடுவார். பாஸானால் மற்றவன் ஊதிய மூச்சுக் குழாயைக் கழுவுகிற வேலை முடிந்தது.

மே 14, செவ்வாய்

பாறையைப் பார்த்து வைக்க நானும் லியோனார்ட் அண்ணனும் இறங்கினோம். ஏழு மீட்டர். பவளத்துக்கு நடுவில் மண் கலயங்கள், வாயில் வெள்ளைத் துணி கட்டி. எண்ணினேன். பதினொன்று.

மேலே வந்ததும், "என்னா சட்டி லா அது? கள்ளு குடிச்சவன் போட்டதா?" என்றார்.

"செத்தவங்க அண்ணே. அஸ்தி."

சிலுவை போட்டுக்கொண்டார்.

மே 15, புதன்

கரைக்கணும் என்பதுதான் சடங்கு. கரைக்கிறவன் யார்? கடலுக்கு முதுகைக் காட்டி, கட்டின துணியோடு தோளுக்கு மேலே பின்னால் விட்டெறிகிறார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரும் பார்க்காததால், கரையவில்லை என்று யாருக்கும் தெரியாது. படகுக்காரனும் தூரமாகப் போவதில்லை.

போன செப்டம்பரில் அப்பாவுக்கும் இங்கேதான். பொம்பளைங்க ஏறக் கூடாதுன்னாங்க. எல்லாருடைய செருப்புக்கும் காவலாகப் படகுத்துறையில் நின்றேன். அந்தக் குடும்பத்தில் நீந்தத் தெரிந்த ஒரே ஆள் நான்.

புந்தோங்கில் இருக்கிற வீட்டுக்கு போன் போட்டேன். தம்பி ரூபன்தான் கொள்ளி வைத்தவன்.

"துணிய அவுத்தியாடா?"

"சடங்கு செஞ்ச பண்டாரம் அவுக்கச் சொல்லலயே அக்கா."

"எந்தப் பாறைகிட்ட?"

"எனக்கு எப்படித் தெரியும்? பின்னால தானே போட்டேன். ஏன் கேக்குற?"

வைத்துவிட்டேன்.

மே 16, வியாழன்

டைவ் கடை முதலாளி காதுக்குப் போய்விட்டது. சந்தோஷம் அவருக்கு. சட்டிகளை டூரிஸ்டுகளே தூக்கி வரட்டும், படம் நல்லா விழும், பிளாஸ்டிக்கை யார் பார்க்கிறார்கள் என்கிறார்.

"உள்ளே சாம்பல் இருக்கு. மனுஷ சாம்பல்."

"படம் எடுத்ததும் லோரிக்காரன் அள்ளிக்குவான்."

குப்பை லோரி. அப்பா பதினாலு வயசிலிருந்து ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டினார். எஸ்டேட்டை விற்றபோது ஒரு மாசத்தில் காலி பண்ணச் சொன்னார்கள். இப்போ இங்கிருந்தும் காலி பண்ணணுமா? யாருக்குடா இடைஞ்சல்?

நம்ம ஆளுங்க மட்டும் என்ன? உயிருள்ள பவளத்து மேல சட்டியை எறிஞ்சிட்டு, கடமை முடிஞ்சதுன்னு மீ கோரிங் சாப்பிடப் போறாங்க. ரெண்டு பக்கமும் கேவலம்.

அழுகை வரவில்லை. செப்டம்பரிலிருந்தே வரவில்லை.

மே 17, வெள்ளி

விடிந்ததும் லியோனார்ட் அண்ணனிடம் இரண்டு காற்று டேங்க் கேட்டேன்.

"நாளைக்குத் தேர்வு லா. இன்னைக்கே அள்ளிட்டா நான் எதுக்கு மார்க் போடுறது?"

"போடாதீங்க."

கால் துடுப்பில் இருந்த மணலைத் தட்டினார். "நான் வேதக்காரன். அங்க என்ன சொல்லணும்?"

"வாயில குழாய் இருக்கும் அண்ணே. என்னத்த சொல்றது?"

வந்தார்.

முடிச்சு எதுவும் அவிழவில்லை. கத்தியால் அறுத்தோம். உள்ளே சாம்பல் சேறாக இருந்தது. கவிழ்த்து ஆட்டினால் வந்தது, நீரோட்டம் கொண்டுபோனது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியது போல. இதில் எது அப்பா? ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஏழாவதை எடுத்தேன்.

காலிக் கலயங்கள் சாக்கில் ஏறின. இனி லோரிக்காரன் எடுத்துக்கொள்ளட்டும்.

மே 18, சனி

இரண்டு பாட்டில், ஒரு செருப்பு, கொஞ்சம் தூண்டில் நரம்பு. அவ்வளவுதான் குப்பை. சட்டிகள் எங்கே என்று முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். தனியாகப் போய் எடுத்தேன் என்றேன். லியோனார்ட் அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். அவர் வாயைத் திறக்கப் பார்த்தார், முறைத்தேன்.

கடைசியில் தேர்வுப் படிவத்தில் லியோனார்ட் அண்ணனே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: அனுமதியில்லாமல் டேங்க் எடுத்தது, துணையின்றி இறங்கியது, தேர்ச்சியில்லை.

மே 19, ஞாயிறு

பத்தொன்பது மாஸ்க் கழுவினேன்.

ஜூன் 2, ஞாயிறு

ரூபன் வந்தான். லூமுட்டிலிருந்து வரும் படகிலேயே வாந்தி. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"காட்டு," என்றான்.

டூரிஸ்டுகளின் காலைப் படகிலேயே ஏற்றிக்கொண்டேன். லைஃப் ஜாக்கெட்டும் மாஸ்க்கும் குழாயும் மாட்டி, மிதவை வளையத்தில் படுக்கவைத்து, பாறை வரைக்கும் இழுத்துக்கொண்டு நீந்தினேன். விரல்கள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தான்.

"கீழ ஒண்ணும் இல்லடா. பவளமும் மணலும்தான் இருக்கு."

"தெரியும் அக்கா."

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். குழாய் வழியாக அவன் மூச்சு கேட்டது. முதலில் படபடவென்று. பிறகு மெதுவாக. நேரமாச்சு என்று படகிலிருந்து விசில் அடித்தார்கள். இருங்க என்று கை காட்டினேன்.