தூளிக்கு அடியில் கட்டும் போர்வை

1987 டிசம்பர் 9, புதன்

சாயங்காலம் என் கணவர் நாகலூர் காட்டுக்குப் போனார். காட்டெருமைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டுமாம். தரையில் அட்டை இருப்பதால் இரண்டு மரங்களுக்கு நடுவே கான்வாஸ் தூளி கட்டிப் படுப்பார்.

தூளியில் குளிர் முதுகுப்பக்கமிருந்துதான் ஏறும். போன வாரம் கடைவீதியில் பழைய சாமான் கடையில் கம்பளி ஒன்றும் வாத்து இறகுப் போர்வை ஒன்றும் இருந்தன. இறகுப் போர்வையை மேலே படுத்து நசுக்கிவிடாமல் தூளிக்கு வெளியே அடியில் கட்டினால் நல்ல சூடு. உட்காரும்போது தோளிலும் போர்த்தலாம். நான் இறகுப் போர்வையைக் கேட்டேன்.

"ஏனுங்க, கம்பளியே எடுத்துக்குங்க. இறகு நனைஞ்சா சூடு நிக்காதுங்க" என்றார் கடைக்காரர்.

"மழைதான் விட்டுப்போச்சுங்களே" என்றேன்.

போன வருஷம் நிமோனியா வந்து பிழைத்தவர் என் கணவர். கனமான கம்பளியைச் சுமக்க வேண்டாமே என்று இறகையே வாங்கிவிட்டேன்.

ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. துணி எடுக்கப் பின்பக்கம் ஓடினேன். தூளிக்கு மேலே கட்ட வேண்டிய தார்ப்பாய் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மூட்டையைக் கட்டியது நான்தான்.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் பெரியசாமி அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"மூடுபனி நொம்ப எறங்கியிருக்குது அம்மிணி. ரோடே தெரியாது. ஊட்டுல இரு, வண்டிய எடுத்துட்டு வாரேன்" என்றார்.

காத்திருக்கிறேன். தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வாசலில் ஹாரன் கேட்கிறது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பத்தடியில் நிற்கும் ஜீப்பின் விளக்குகூடத் தெரியவில்லை.