மூன்று லட்சம் சீட்டும் ஒரு முத்திரையும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது, இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

விஷயம் என்னவென்றால் அப்பா ஜெயித்துவிட்டேன். எங்கள் அச்சகத்துக்கு மூன்று லட்சம் தேர்வு நுழைவுச்சீட்டு அச்சடிக்க வந்தது, ஒவ்வொன்றிலும் வேறு பெயர், வேறு எண், மூலையில் மட்டும் ஒரே முத்திரை. வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் பிள்ளைகள் தேர்வு எழுத முடியாது, மிஷினோ நாலு தாளைத் துப்பிவிட்டு மூச்சு வாங்கியது. நான் பெரிய மேதை அல்லவா, காகிதத்தில் ஈரம் என்று சொல்லி ஒரு நாள் முழுக்கக் கட்டுக்கட்டாக மின்விசிறிக்கடியில் காயவைத்தேன். காகிதம் காய்ந்தது, மிஷின் அசையவில்லை. புதன்கிழமை காலை, முத்திரை இல்லாமல் ஒரு கட்டை விட்டுப் பார்த்தேன், சரசரவென்று ஓடியது. முத்திரை எஸ்.வி.ஜி. என்கிற புது வகைப் பட ஃபைலாக வந்திருக்கிறது, உள்ளே நிழல், பளபளப்பு, ஊடே தெரிகிற நிறம், ஒவ்வொரு தாளுக்கும் மிஷின் அதை முதலிலிருந்து வரைந்துகொண்டிருந்திருக்கிறது! நிழலைக் கழற்றி இ.பி.எஸ். என்கிற பழைய வகை ஃபைலாக்கினால் மிஷின் ஒரே தடவை மனசில் வாங்கிக்கொண்டு தாளுக்குத் தாள் போட்டுவிடும், பெரிதாக்கினாலும் கோடு உடையாது என்றேன். கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பி, என்னண்ணே, அது உங்க கல்யாண காலத்து ஃபார்மட்டாச்சே என்றான். முதலாளி, மத்தியானம் வரைக்கும் பாருங்க, ஓடலைன்னா வேலைய வெளிய குடுத்துடுறேன், நீங்க பைண்டிங் பக்கம் போயிடுங்க என்றார்.

முதல் தாள் வந்தது, இளநீலச் சீட்டில் முத்திரையைச் சுற்றி வெள்ளைக் கட்டம், நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டினமாதிரி. ஊடே தெரிய வைப்பது இந்த ஃபைலுக்கு வராது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தே மறந்தேன். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் முத்திரைக்கு அடியிலேயே அதே இளநீலத்தைப் போட்டு மிஷினை ஓட விட்டேன் பார், மணிக்குப் பன்னிரண்டாயிரம் சீட்டு! வியாழன் மாலையே வண்டி ஏற்றிவிட்டோம். தம்பி, அண்ணே, உங்க கல்யாண ஃபார்மட்டு வாழ்க என்று எல்லார் முன்னாலும் கத்தினான்.

தேர்வன்று காலை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. முத்திரையைக் குனிந்து பார்த்தேன், வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. நான் அச்சடித்தது என்று சொல்ல வாய் வரை வந்தது, நல்லா எழுதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பேத்திக்கு முத்தம். மூவரும் குறைவில்லாமல் நன்றாக இருங்கள். உன் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, இந்த வாரமே மாற்றிவிடு.

இன்னும் மிஷினிலேயே இருக்கும்,
உன் அப்பா