சிவப்பு டேப் சுற்றிய சென்சார்

தூரத்தில் இருக்கும் என் மனைவிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். என்னை விட்டுப் போனவர்கள் யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. நம் மகள் பக்கத்தில் இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவள் வெளியே போன பிறகு படி.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஜன்னலோரம் நீ வைத்த செடி பட்டுப்போய்விட்டது. மறதியால் இல்லை, வேண்டுமென்றேதான் தண்ணீர் ஊற்றவில்லை. உன் அக்கா போன் செய்து தனியாகக் கஷ்டப்படுகிறீர்களா என்று உருகினார். நிம்மதியாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பள்ளியில் அதே ரோபோ அறைப் பொறுப்புதான். சக்கரம், மோட்டார், வயர், சென்சார், பேட்டரி, கறுப்புக் கோடு போட்ட விரிப்பு எல்லாம் என் பீரோவில். கடவுளே வந்து கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணி தரமாட்டீங்க என்று தலைமை ஆசிரியை சொல்வார். அந்த அறையில் நான் போட்ட சட்டம் உனக்கும் தெரியும், கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். ஒரு பொருள் பழுது என்று கண்டுபிடித்தவர் அதன் வயரில் சிவப்பு டேப் சுற்றித் தகரப் பெட்டியில் போட வேண்டும். பிள்ளைகள் அதைச் சவப்பெட்டி என்பார்கள். சரிசெய்த பிறகு, சுற்றியவர்தான் டேப்பைப் பிரிக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

போன மாதம் நீ நம் மகளோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது. அவள் கையில் திருப்புளி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ரோபோப் போட்டியோட கடைசிக் கட்டம் இங்கதான் நடக்குது, அங்க ஜெயிச்சுட்டு வா, அப்படியே இங்க ஸ்கூல்ல சேத்துடறேன், அப்பாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம் என்றாய். அவள் சிரித்தாள். இரண்டு வருடமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளத்தான் நான் இருக்கிறேனா என்று நினைத்தேன்.

இங்கே நடந்த முதல் கட்டப் போட்டிக்கு முந்தின நாள் நம் மகள் குழுவின் ரோபோவில் ஒளி சென்சாரின் வயர் அறுந்துவிட்டது. கறுப்புக் கோட்டைப் பார்த்துப் போவதற்கு அது ஒன்றுதான் அதற்குக் கண். அவளும் அவள் கூட்டாளியும், தையல்காரர் மகள்தான், என்னிடம் வந்து நின்றார்கள். தட்டில் நல்ல சென்சார் மூன்று இருந்தன. நான் தகரப் பெட்டியில் கை விட்டேன். பத்து நிமிடம் ஒழுங்காக வேலை செய்து, சூடானதும் குருடாகிற சென்சார் ஒன்று அதில் கிடந்தது. அதைக் கண்டுபிடித்து டேப் சுற்றியவளே நம் மகள்தான். பீரோக் கதவுக்குப் பின்னால் டேப்பைப் பிரித்துவிட்டு அதை அவள் கையில் கொடுத்தேன். தேங்க்ஸ்ப்பா என்று வாங்கிக்கொண்டு ஓடினாள்.

முதல் சுற்றில் ரோபோ கோடு பிசகாமல் போனது. இரண்டாவது சுற்றில் பாதி வழியில் விரிப்பை விட்டு இறங்கி, நடுவரின் ஷூவில் முட்டி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தையல்காரர் மகள்தான் வயர் இணைத்தவள். நம் மகள் அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்து, உன் கை பட்டா எதுவும் விளங்காது என்றாள். அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரவாயில்லம்மா, அடுத்த வருஷமாவது கவனமா இணைக்கணும் என்று புத்தி சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனவள், அப்புறம் ரோபோ அறைப் பக்கமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ரோபோவைப் பிரித்துத் தட்டில் அடுக்கும்போது நம் மகள் கை நின்றது. சென்சார் வயரில் டேப் இருந்த இடத்தில் பிசுபிசுப்பு, அதில் தூசி ஒட்டிக் கறுப்பு வளையம். எத்தனையோ வயரில் பசையைத் துடைத்தவன், அவசரத்தில் அதை மட்டும் துடைக்கவில்லை. அவள் சென்சாரை இணைத்து எதிரே உட்கார்ந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் நான். பத்து நிமிடம் ஓடியது. அது குருடானதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பழைய சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். மேலும் கேட்டிருந்தால் இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது.

அங்கிருந்து நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லையாம். தையல்காரரே என்னிடம் சொன்னார், உங்க பொண்ணு ஒரு மணி நேரம் படியிலயே உக்காந்துட்டுப் போச்சு சார் என்று.

பிறகு வீட்டில் டேப் முளைக்க ஆரம்பித்தது. என் டீ கிளாஸில், மூக்குக் கண்ணாடிக் காம்பில், செருப்பு வாரில், நாற்காலிக் கையில். ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டேன். டேப் பள்ளிச் சொத்து, வீணாக்காதே என்று கிண்டல்கூடச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது என் வலது மணிக்கட்டில் மூன்று சுற்று சிவப்பு டேப். அவள் பையைக் காணோம். பஸ்ஸில் உன்னிடம் போவதாக மேசையில் ஒரு வரிச் சீட்டு.

ஏன் வந்தாய் என்று நீ கேட்டிருப்பாய். அவள் சொல்லியிருக்க மாட்டாள். காட்டிக்கொடுக்கிற புத்தி அவளுக்கு இல்லை, அந்த நல்ல குணம் என்னிடமிருந்து வந்ததில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன். அவள் தோற்றும் நீ ஜெயித்துவிட்டாய், சந்தோஷப்பட்டுக்கொள். அவளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடு, நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான். டேப் இன்னும் கையில் இருக்கிறது. குளிக்கும்போது ஊறி ஓரமெல்லாம் அரிக்கிறது. தலைமை ஆசிரியை என்ன காயம் என்று கேட்டார், மோட்டார் கீறிவிட்டது என்றேன். இழுத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். ஆனால் சுற்றியவர்தான் பிரிக்க வேண்டும். ஒரு தடவை சட்டத்தை மீறினேன், போதும்.

அவளை ஒரு நாள் பஸ் ஏற்றி அனுப்பு. காலையில் வந்து மாலையில் திரும்பட்டும். பேச வேண்டாம், என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். கையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பீரோச் சாவி மட்டும் மிச்சமிருக்கும்
உன் கணவன்