பூத்துக் கொட்டும் பேரி மரங்கள்

அன்புத் தம்பிக்கு,

மலைத்தோட்டத்தைப் பிரித்தபோது, வெண்ணெயாய்க் கரையும் பேரிக்காய் மரங்களை நைசாக என் பக்கம் தள்ளிக்கொண்டு, கல்லாய்க் காய்க்கும் ரகத்தை உன் தலையில் கட்டியவன் நான்தான். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தவனும் நானே.

மூன்று வருடமாக என் மரங்கள் கல்யாண வீடு மாதிரி பூக்கின்றன. ஒரு பிஞ்சுகூட இல்லை. நேற்று தோட்டக்கலை அதிகாரி வந்து பார்த்தார்.

"இந்த ரகம் தனியா காய்க்காதுங்க. வேற ரகத்து மகரந்தம் வேணும். பக்கத்துல ஏதும் இருந்துச்சா?"

"தம்பிகிட்ட இருந்துச்சு சார். கோபத்துல வெட்டிட்டுப் போயிட்டான்."

"நல்லா வேணும் இவருக்கு!" என்றாள் உன் அண்ணி.

நீ வெட்டிய அன்று வேலியோரம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தேன். ஒவ்வொரு மரத்தையும் வெட்டுமுன் நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "வேண்டாம்டா" என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு காப்பி கேட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்தான்